காட்டுக்கு விருந்தாளியாகப் போவோமா?



ஆண்டுப் பரீட்சை முடியும் முன்பே, "லீவுக்கு எங்கே போகலாம்?" என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். "குற்றாலம் போகலாம்பா" என்பான் அண்ணன். "டாப்சிலிப் போகலாம், யானை பார்க்கலாம்" என்பாள் அக்கா. அடர்ந்த காடு இருக்க வேண்டும், அதற்குள் ஆறு ஓட வேண்டும், ஆற்றங்கரையில் டென்ட் போட வேண்டும், இரவில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாட வேண்டும். டிவியிலும் சினிமாவிலும் பார்த்துப் பார்த்து, பிக்னிக் என்றாலே இந்தப் படம்தான் நம் மனதில் ஓடுகிறது.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. காட்டைப் பார்க்காத பிள்ளைக்குக் காட்டின் மேல் பாசம் எப்படி வரும்? ஆனால், ஆசையோடு போகிற நாமே அந்த இடத்தைக் கெடுத்துவிட்டு வருகிறோமே, அதுதான் வருத்தம். போன இடத்தில் எல்லாம், "பாதையை அகலமாக்கு, லைட் போடு, கடை வை" என்று கேட்கிறோம். இடத்தை நமக்குத் தகுந்தபடி மாற்றாமல், இடத்துக்குத் தகுந்தபடி நாம் மாறிக்கொண்டு போனால் என்ன? இதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். இதற்காக மேற்குத் தொடர்ச்சி மலை வரை போக வேண்டாம். நம் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் மரக்காணம் போதும்!

உப்பு ஊரில் காடா?

"மரக்காணமா? அங்கே உப்புதானே இருக்கு?" என்று கேட்பீர்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள், பஸ் ஜன்னல் வழியாக வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரின் அடையாளமே அதுதான். ஆனால், அதே சாலையில் புதுச்சேரியை நோக்கி இன்னும் கொஞ்சம் போனால், கீழ்ப்புத்துப்பட்டு என்ற ஊர் வரும். அங்கே அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு இருக்கிறது. கொளுத்தும் வெயிலில் உள்ளே நுழைந்தால், குடை பிடித்தது போல் சட்டென்று நிழல் கவிந்துவிடும்.

இது மழைக்காடு இல்லை. மழைக்காடு வளர வேண்டுமானால் ஆண்டு முழுவதும் ஈரம் வேண்டும். ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை வேண்டும். மரக்காணம் பக்கம் பெய்வது அதில் பாதிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதுவும் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற மாதங்களில் வானம் பார்த்த பூமி.

அப்படியும் இந்தக் காட்டு மரங்கள் கோடையில் மொட்டையாக நிற்பதில்லை. ஆண்டு முழுவதும் பச்சைதான்! எப்படி? இலைகள் சிறியவை, தடித்தவை, தோல் போல இருப்பவை. உள்ளே இருக்கும் தண்ணீரை லேசில் வெளியே விடாது. கருமி வீட்டுக் கஜானா மாதிரி! இந்த வகைக் காட்டுக்கு, 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்று பெயர். பெயர் கொஞ்சம் நீளம்தான். மழைக்காட்டின் ஏழைத் தங்கை என்று நினைத்துக் கொள்ளுங்கள். வீரை, காசான், நாவல், வெப்பாலை என்று இங்கே வளரும் மரங்களின் பெயர்கள், நம்மைவிட நம் தாத்தா பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும். கேட்டுப் பாருங்கள்.

ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் இந்தக் காடு இருந்தது. விறகுக்கும் வயலுக்கும் வீட்டுக்கும் என்று வெட்டி வெட்டி, இப்போது துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சிய துண்டுகளில் பலவும் கோயில் காடுகள். "அய்யனார் காட்டில் குச்சியை ஒடித்தால் சாமி கண்ணைக் குத்தும்" என்று பெரியவர்கள் பயமுறுத்தி வைத்தார்களே, அந்தப் பயம்தான் இந்த மரங்களுக்கு வேலி!

காட்டுக்குள் ஒரு விதை வங்கி

இந்தச் சின்னக் காடு போனால்தான் என்ன, என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு ஆரோவில் கதையைச் சொல்லுங்கள்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் 1968ஆம் ஆண்டு ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டபோது, அந்த இடம் பெரும்பகுதி வெறும் செம்மண் மேடு. மழை பெய்தால் மண் கரைந்து ஓடி, கடலே சிவந்துவிடும். அங்கு வந்து குடியேறியவர்கள் வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கினார்கள், மரம் நட்டார்கள். பிறகு, "இந்த மண்ணுக்கே உரிய மரங்கள் எவை?" என்று தேடினார்கள். வேறெங்கும் கிடைக்காத விதைகள் எங்கே கிடைத்தன தெரியுமா? புத்துப்பட்டு போல மிஞ்சியிருந்த பழைய கோயில் காடுகளில்தான்! இன்று ஆரோவில்லில் காடு இருக்கிறது என்றால், அதன் தாய்வீடு இந்தக் கோயில் காடுகள்.

அப்படியானால், கோயில் காடு என்பது ஒரு விதை வங்கி. வங்கிக்குள் போய் நாம் அடுப்பு மூட்டுவோமா? கிரிக்கெட் ஆடுவோமா?

பிக்னிக் போகிறவர்கள் பெரிய மரங்களை வெட்டுவதில்லை, உண்மைதான். ஆனால், ஜமுக்காளம் விரிக்கிறோமே, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்ததுண்டா? விரல் உயரத்தில் இரண்டே இலையோடு நிற்கும் கன்றுகள்! வீரை மரம் மெதுவாக வளரும் மரம். உங்கள் செருப்புக்கு அடியில் நசுங்கிய கன்று தப்பியிருந்தால், உங்கள் பேரன் காலத்தில் அதில் பழம் பழுத்திருக்கும். பெரிய மரம் சாய்ந்தால் ஊரே பேசும். கன்று மிதிபட்டால் யாருக்கும் தெரியாது. பார்ப்பதற்குப் பச்சைப் பசேல் என்று இருக்கும் ஒரு காட்டில், கிழட்டு மரங்கள் மட்டும் நின்று, அடுத்த தலைமுறையே இல்லாமல் போய்விடலாம்.

புயல் வேறு இருக்கிறது. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் இந்தக் கடற்கரையில் எத்தனையோ மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' வந்து புதுச்சேரியையும் விழுப்புரம் மாவட்டத்தையும் மழையால் புரட்டிப் போட்டது. புயலில் விழுந்த மரத்தின் இடத்தைப் பிடிக்கக் கன்றுகள் தயாராக நிற்க வேண்டாமா? புயலை நம்மால் தடுக்க முடியாது. நம் செருப்பை நம்மால் தடுக்க முடியும்.

ஆறு இல்லை, கழுவெளி உண்டு!

காடு கிடைத்துவிட்டது. ஆறு? மரக்காணத்தில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. ஆனால், அதைவிட விசித்திரமான ஒரு நீர்நிலை இருக்கிறது. அதன் பெயர் கழுவெளி.

மழைக்காலத்தில் சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் எல்லாம் இங்கே வந்து சேரும். அப்போது இது நன்னீர் ஏரி போல இருக்கும். கோடையில் கடல் தண்ணீர் கழிமுகம் வழியாக உள்ளே ஏறி வரும். அப்போது உப்புக் கரிக்கும். ஒரே ஏரி, ஆண்டுக்கு இரண்டு ருசி! ஆந்திராவில் தொடங்கி, சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாயும் இந்த மரக்காணம் பக்கத்தில்தான் வந்து முடிகிறது.

இரண்டு ருசியும் இருப்பதால் இரண்டு வகை விருந்தாளிகளும் வருகிறார்கள். பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், ஊசிவால் வாத்து, உள்ளான் என்று பட்டியல் நீளும். இவற்றில் சில, இமயமலைக்கு அப்பாலிருந்து பறந்து வருபவை. பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, லக்கேஜும் இல்லை!

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பளவு 5,000 ஹெக்டேருக்கும் அதிகம். 2024 ஆகஸ்டில் இது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. உலகம் முழுவதும் காக்கப்பட வேண்டிய நீர்நிலைகளுக்காக, 1971இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பெயர்தான் அது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் ராம்சர் இடங்கள் 20 ஆகிவிட்டன. நமக்குப் பெருமைதான்!

ஆனால், பெருமையோடு ஒரு பயமும் வருகிறது. பேர் பெற்ற இடத்துக்குக் கூட்டம் வரும். கூட்டம் வந்தால், "மோட்டார் படகு விடலாமே, கரையில் டென்ட் போட்டு வாடகைக்கு விடலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பூநாரை சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீரில் தலைகீழாக வைத்து, காபி வடிகட்டுவது போலச் சேற்று நீரை வடிகட்டும். சின்னச் சின்னப் பூச்சிகளும் பாசியும்தான் அதற்கு ஆகாரம். வயிறு நிறைய நாள் முழுவதும் வடிகட்ட வேண்டும். நாம் கத்தினால், கல் எறிந்தால், படகில் துரத்தினால் கூட்டம் அப்படியே எழும்பிப் பறக்கும். நமக்கு அது அழகான போட்டோ. அதற்கோ, சாப்பாட்டு இலையிலிருந்து பாதியில் எழுப்பிவிட்ட கதை. திரும்பிப் போகும் நீண்ட பயணத்துக்குச் சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம், நமக்குப் பயந்து பறந்தே கரைந்து போனால் அது எப்படி ஊர் போய்ச் சேரும்?

ராத்திரி டென்ட் வேண்டாமே!

"பகலில் போய்விட்டு வருவதில் என்ன ஜாலி? டென்ட்தானே ஜாலி!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரவு என்பது நமக்குத் தூங்கும் நேரம். காட்டுக்கும் கடற்கரைக்கும் அது வேலை நேரம். பழந்தின்னி வௌவாலும் மரநாயும் பழத்தைத் தின்று, விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவது இரவில்தான். சம்பளம் வாங்காத தோட்டக்காரர்கள்! நாம் பாட்டுப் போட்டு, லைட் அடித்து அவர்களை விரட்டினால், விதையை யார் நடுவது?

கடற்கரையில் இன்னொரு கதை நடக்கும். ஜனவரி முதல் சில மாதங்கள், பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி முட்டையிடும். ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளியே வரும். அவை கடல் இருக்கும் திசையை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? இருட்டுக் கரையைவிடக் கடல் பக்கம் வெளிச்சமாகத் தெரியும். அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். கரையில் நாம் விளக்குப் போட்டால், அதைக் கடல் என்று நம்பி நம் பக்கம் வந்துவிடும். பொழுது விடிந்தால் நாய்க்கும் காக்கைக்கும் இரை. நாம் ஒரு நாள் பிடித்துவைத்த டார்ச், ஒரு குடும்பத்தையே வழிதவறச் செய்துவிடும்.

நெருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலையேறப் போனவர்கள் பலர் இறந்து போனார்கள். கோடையில் காய்ந்த புல்லும் சருகும் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்று தமிழ்நாடே அன்று தெரிந்துகொண்டது. சரணாலயத்துக்குள் தீ மூட்டுவது சட்டப்படியும் குற்றம். அனுமதி இல்லாமல் நுழையவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

ரசத்தில் விழும் குப்பை

உப்பளத்துக்கும் வருவோம். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பளத் தொழிலாளிகள் உப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காய வைத்து, உப்புப் பூத்ததும் பலகையால் வாரிச் சேர்க்கிறார்கள். வெயில் ஏறினால் உப்பின் பளபளப்பில் கண் கூசும் என்பதால், விடியும் முன்பே வேலைக்கு வந்துவிடுவார்கள். மழை வந்தால் வேலை கிடையாது. அவ்வளவு பாடுபட்டு விளைவித்த உப்பு அது.

சாலையோரம் வண்டியை நிறுத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு, சிப்ஸ் கவரைக் காற்றில் விட்டால் அது எங்கே போய் விழும்? பாத்தியில்தான்! நாளைக்கு அந்த உப்பு உங்கள் வீட்டு ரசத்துக்கே வந்தாலும் வரும். நாம் போட்ட குப்பை நமக்கே பார்சல்!

அப்ப போகவே கூடாதா?

"இவ்வளவு சொன்னால், வீட்டிலேயே இருந்து டிவி பார்க்கச் சொல்கிறீர்களா?" என்று கோபப்படாதீர்கள். கண்டிப்பாகப் போகத்தான் வேண்டும்! போகிற விதத்தை மட்டும்தான் மாற்றச் சொல்கிறேன்.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். இலங்கையில் சிங்கராஜ என்ற உண்மையான மழைக்காடு இருக்கிறது. 1988இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அங்கே வழிகாட்டியோடு நடந்துதான் காட்டைப் பார்க்கிறார்கள். அதற்காக யாரும் போகாமல் இருக்கிறார்களா? உலகெங்கும் இருந்து வருகிறார்கள்! நம் கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுரபுன்னைக் காட்டின் குறுகலான வாய்க்காலுக்குள் உள்ளூர்க்காரர்கள் துடுப்புப் போட்டு நம்மைக் கூட்டிப் போகிறார்கள். துடுப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அந்த அமைதிதானே அங்கே அழகு!

"டூரிஸ்ட் வந்தால்தானே ஊர்க்காரர்களுக்கு வருமானம்?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயம். அந்த வருமானம் ஊர்க்காரர்களுக்கே போகட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். மரக்காணத்து இளைஞர்களுக்குப் பறவைகளின் பெயரும் மரங்களின் பெயரும் சொல்லிக் கொடுத்து, வழிகாட்டிகளாக்கலாம். மீனவரும் உப்பளத் தொழிலாளியும் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசினால், எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத பாடம் கிடைக்கும். வெளியூர் ஆள் வந்து டென்ட் போட்டுச் சம்பாதித்துப் போவதைவிட இது மேல் அல்லவா?

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டும் எக்ஸ்கர்ஷன் என்றால் தீம் பார்க்தான் என்று ஆகிவிட்டது. சறுக்கு மரமும் செயற்கை அலையும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். ஆண்டுக்கு ஒரு நாள், நம் மாவட்டத்துக் காட்டையும் ஏரியையும் பகலில் நடந்து பார்க்க, வனத்துறையிடம் கேட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். செலவும் குறைவு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் போனால் பறவைகளும் நிறைய இருக்கும்.

குட்டீஸ், அப்படிப் போகும்போது இதையெல்லாம் மறக்காதீர்கள்:

* டிபன் பாக்சும் தண்ணீர் பாட்டிலும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 

* சாப்பாட்டை வெட்டவெளியில் சாப்பிடுங்கள். மரத்தடிக் கன்றுகளின் மேல் ஜமுக்காளம் விரிக்காதீர்கள். கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனாலும், "அடுப்பை மரத்தை விட்டுத் தள்ளி வைக்கலாம்மா" என்று நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

* ஏற்கெனவே இருக்கும் பாதையிலேயே வரிசையாக நடங்கள். உப்பளப் பாத்தி வரப்பில் கேட்காமல் ஏறாதீர்கள்.

* குரங்குக்கு பிஸ்கட், பறவைக்குப் பொரி போட வேண்டாம். அவற்றுக்குச் சமைக்கத் தெரியாவிட்டாலும் சாப்பாடு தேடத் தெரியும்!

* ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். பார்த்ததை வரைந்து, கேட்ட சத்தத்தை எழுதுங்கள். பத்து நிமிடம் யாரும் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை குரல் கேட்கிறது என்று யாருக்கு அதிகம் வருகிறதோ, அவர்தான் அன்றைய சாம்பியன்!

மாமா வீட்டுக்குப் போனால் நாம் எப்படி இருப்போம்? கூடத்தில் குப்பை போட மாட்டோம். தூங்குகிறவர்களை எழுப்ப மாட்டோம். அடுத்த லீவுக்கும், "வாடா கண்ணு" என்று அழைக்க வேண்டுமே! வீரை மரமும் பூநாரையும் வாய் திறந்து கூப்பிடாது. ஆனால், நாம் ஒழுங்காக நடந்துகொண்டால், உங்கள் தங்கைப் பாப்பா வளர்ந்து போகும்போதும் அவை அங்கேயே இருக்கும்.

அதனால், இந்த லீவில் பெட்டி கட்டும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்: "அப்பா, நாம காட்டுக்குச் சொந்தக்காரங்களா போகல; விருந்தாளியா போறோம்!" சரிதானே குட்டீஸ்?